இரத்தப் பரிசோதனைக்குச் செடிச் சாயங்கள்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

ஹிமடாக்சிலின் ஒரு மரச் சாயம். திசு ஆய்வகத்தில் தினமும் அதைக் கையில் எடுப்பவர்களில் பலருக்கே இது தெரியாது. மெக்சிகோவின் காம்பேச்சே பகுதியில் வளரும் லாக்வுட் மரத்தின் வைரக்கட்டையை வேகவைத்து அதை எடுக்கிறார்கள். 1865இல் போமர் அதைப் படிகாரத்தோடு சேர்த்துப் பயன்படுத்தியதிலிருந்து இன்றுவரை, உலகம் முழுக்கத் திசு ஸ்லைடுகளில் செல்லின் கருவுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த மரம்தான். எனவே "செடிச் சாயத்தை ஆய்வகத்தில் பயன்படுத்த முடியுமா?" என்ற கேள்விக்கு 150 வருடங்களுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

இரத்தப் பரிசோதனைக்கு வந்தால் கதை வேறு. அங்கே லீஷ்மன், ஜீம்சா என்ற செயற்கைச் சாயங்கள் செய்யும் வேலையைச் செம்பருத்தியோ மஞ்சளோ அப்படியே செய்யாது. ஏன் செய்யாது என்று புரிந்துகொண்டால், எதைச் செய்யும் என்பதும் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். சாயத்துக்கு மிகக் குறைந்த வேலை இருக்கும் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, செடி கைவிடும் இடத்தில் நிறுத்துவோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே வருபவை கற்பதற்கும் கற்பிப்பதற்கும் ஆராய்வதற்குமான முறைகள். இவற்றால் நிறமேற்றிய ஸ்லைடைப் பார்த்து எந்த நோயாளிக்கும் அறிக்கை எழுதக் கூடாது.

லீஷ்மன் சாயம் உள்ளே என்ன செய்கிறது

1891இல் ரோமனோவ்ஸ்கி என்ற மருத்துவர் பழைய மெத்திலீன் நீலத்தையும் இயோசினையும் கலந்து பூசியபோது, மலேரியா ஒட்டுண்ணியின் கரு ஊதா நிறத்தில் தெரிந்தது. அந்தக் கலவையைத்தான் 1901இல் லீஷ்மனும், 1902இல் ரைட்டும், 1904இல் ஜீம்சாவும் தங்கள் பாணியில் செம்மைப்படுத்தினார்கள். இவை எல்லாவற்றிலும் உண்மையில் வேலை செய்பவை இரண்டே சாயங்கள்: அஸூர் பி, இயோசின் ஒய்.

அஸூர் பி நேர்மின்சுமை கொண்டது. டிஎன்ஏவின் பாஸ்பேட் எதிர்மின்சுமை கொண்டது. எனவே அஸூர் கருவைப் போய்ப் பிடிக்கிறது. இயோசின் எதிர்மின்சுமை கொண்டது. ஹீமோகுளோபினிலும் இயோசினோபில் என்ற வெள்ளணு வகையின் துகள்களிலும் உள்ள நேர்மின்சுமைப் புரதங்களை அது பிடிக்கிறது. இதுவரை எளிது. ஆனால் கருவின் மேல் அஸூரும் இயோசினும் சேர்ந்து உட்காரும்போது நீலமும் இல்லாத, இளஞ்சிவப்பும் இல்லாத ஓர் ஊதா பிறக்கிறது. அந்த ஊதாவுக்குப் பெயரே ரோமனோவ்ஸ்கி விளைவு. நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகையின் நுண்துகள், பேசோபில் என்ற வகையின் கருந்துகள், தட்டணுவின் துகள், மலேரியாவின் சிவப்புப் புள்ளி எல்லாம் தனித்தனியாகத் தெரிவது இந்த இரட்டைச் சாயத்தின் கூட்டு வேலையால்தான்.

செடியிலிருந்து எடுக்கும் எந்தச் சாற்றிலும் அஸூர் இல்லை. எனவே அந்த ஊதா வராது. படிகாரம் எவ்வளவு போட்டாலும், எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் வராது. "செம்பருத்திச் சாறு லீஷ்மனுக்கு மாற்று" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், அதில் எந்த வேலைக்கு மாற்று என்று கேளுங்கள்.

நச்சைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். லீஷ்மன் கரைசலில் சாயப்பொடி 0.15 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 1.5 கிராம். மீதி முழுக்க மெத்தனால். கண்பார்வையைப் பறிக்கக்கூடியதும் சட்டென்று தீப்பிடிப்பதும் அந்த மெத்தனால்தான். செடிச் சாயத்துக்கு மாறினாலும் ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த இரத்தப் படலத்தை, சிதையாமல் நிலைநிறுத்த மெத்தனால் வேண்டும். ஆகவே செடிச் சாயம் எடுத்தால் ஆய்வகம் நச்சில்லாததாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கிடைக்கும் நன்மைகள் வேறு: கழிவில் போகும் செயற்கைச் சாயம் குறையும், சாயப்பொடி கிடைக்காத இடத்தில் மாணவர்கள் கருவின் வடிவத்தைக் கண்ணால் பார்க்கலாம், சாயம் செல்லைப் பிடிக்கும் வேதியியலைக் கையால் கற்கலாம். என்னைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் பெரியது.

எந்தச் செடி, எந்த மின்சுமை

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் நிறத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மின்சுமையை.

ரோசெல் எனப்படும் சிவப்புப் புளிச்சையின் தடித்த புல்லிதழில் இருப்பது ஆந்தோசயனின். பெரும்பாலும் டெல்பினிடின், சயனிடின் வகைகள். அமிலம், காரம் ஆகியவற்றின் அளவைக் காட்டும் பிஎச் 3க்குக் கீழே இருந்தால் ஆந்தோசயனின் சிவப்பாக, நேர்மின்சுமையோடு இருக்கும். 4, 5 என்று ஏறும்போது நிறமே வெளுத்துப்போகும். நடுநிலைக்கு வந்தால் ஊதா, நீலம் என்று மாறி, காரத்தில் பச்சை, மஞ்சள் என்று சிதையும். இரத்த ஸ்மியருக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் இடையகக் கரைசலின் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) பிஎச் 6.8. அந்த இடத்தில் ஆந்தோசயனின் தன் நேர்மின்சுமையை இழந்துவிட்டிருக்கும். ரோசெல் சாற்றை லீஷ்மன் முறையிலேயே பூசிப் பார்த்து "பிடிக்கவில்லை" என்று கைவிடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

டெல்பினிடினுக்கும் சயனிடினுக்கும் இன்னொரு நல்ல குணம் உண்டு. அவற்றின் ஒரு வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்கள் இருப்பதால் அலுமினியத்தையும் இரும்பையும் இடுக்கிபோல் பிடித்துக்கொள்ளும். சங்குப்பூவிலும் டெல்பினிடின்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடங்களைச் சர்க்கரைகள் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் கண்ணைப் பறிக்கும் நீலம் இருந்தும் படிகாரத்தோடு அது அவ்வளவாகச் சேராது. நிறத்தை நம்பிச் சங்குப்பூவில் தொடங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

பீட்ரூட்டில் இருப்பது ஆந்தோசயனின் அல்ல, பீட்டானின். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் சிதையும். நடுநிலையில் எதிர்மின்சுமை கொண்டது என்பதால் கருவைப் பிடிக்காது. கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் மங்கலாக ஒட்டி, தண்ணீர் பட்டால் போய்விடும். மருதாணியின் லாசோனும் எதிர்மின்சுமைப் பக்கம்தான். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, எத்தனாலில் கரையும், புரதங்களில் ஒட்டும். இந்த மூன்றும் இயோசின் இருக்கும் நாற்காலிக்குப் போட்டியிடலாமே தவிர, அஸூரின் நாற்காலிக்கு அல்ல.

கருவுக்கு என் முதல் தேர்வு சப்பங்கி மரத்தின் வைரக்கட்டை. பதிமுகம் என்றும் இதைச் சொல்வார்கள். இதில் உள்ள பிரேசிலின், ஹிமடாக்சிலினுக்குத் தம்பி முறை. இரண்டின் மூலக்கூறுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. ஹிமடாக்சிலின் ஆக்சிஜனேற்றமாகி ஹிமடீன் ஆவதுபோலவே பிரேசிலின் பிரேசிலீன் ஆகும், படிகாரத்தோடு சேர்ந்து கருவைப் பிடிக்கும். ஒன்றரை நூற்றாண்டாக நிரூபிக்கப்பட்ட வழிக்குப் பக்கத்திலேயே நடக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

கை வைப்பதற்கு முன்

இரத்தம் யாருடையதானாலும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். கையுறை, மேலங்கி, ஊசிகளுக்குத் தனிப் பெட்டி, சிந்தியதைத் துடைக்க 1 சதவீத ஹைபோகுளோரைட். மெத்தனாலைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல். பரிசோதனை முடிந்து மிஞ்சிய மாதிரிகளை எடுப்பதானால் உரிய நெறிமுறை அனுமதி பெற்று, பெயர்ச்சீட்டை நீக்கி, எண் மட்டும் போட்டு எடுங்கள். செடிச் சாறு சமையல் வாசனை அடித்தாலும் ஆய்வகத்துக்குள் அது ஆய்வகப் பொருள். சமையல் பாத்திரத்தில் காய்ச்சவும் கூடாது, வாயில் வைக்கவும் கூடாது.

படி 1: எண்ணும் அறையில் தொடங்குங்கள்

இது நான் எல்லோருக்கும் முதலில் சொல்லும் படி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கைக்குப் பயன்படும் டர்க் திரவத்தில் அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைக்கிறது. கொஞ்சம் ஜென்ஷியன் வயலெட் வெள்ளணுக்களின் கருவுக்கு மெல்லிய நிறம் கொடுக்கிறது. சாயத்துக்கு இங்கே ஒரே வேலைதான்: "இங்கே ஒரு கரு இருக்கிறது" என்று காட்டுவது. துகளைக் காட்ட வேண்டியதில்லை, ஊதா வேண்டியதில்லை. அதோடு 2 சதவீத அசிட்டிக் அமிலத்தின் பிஎச் ஏறத்தாழ 2.6. ஆந்தோசயனின் சிவப்பாக, நேர்மின்சுமையோடு இருக்க விரும்பும் இடம் அதுவேதான். லீஷ்மன் முறையில் செடியோடு சண்டை போட்ட வேதியியல், இங்கே செடியின் பக்கம் நிற்கிறது.

காய்ந்த ரோசெல் புல்லிதழை நன்றாகப் பொடித்து 5 கிராம் எடுங்கள். 100 மி.லி. 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் போட்டு, 50 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்க விட வேண்டாம். ஆறியதும் முதலில் துணியில், அப்புறம் வடிதாளில் இரண்டு முறை வடிகட்டுங்கள். கடைசியாக ஒரு சொட்டை வெறுமனே ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். மிதக்கும் துணுக்கு தெரிந்தால் மறுபடி வடிகட்டுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். வெள்ளணுவின் அளவுள்ள ஒரு செடித் துணுக்கு எண்ணிக்கையையே கெடுத்துவிடும்.

20 மைக்ரோலிட்டர் இரத்தம், 380 மைக்ரோலிட்டர் திரவம். இது 20 மடங்கு நீர்ப்பு. மெதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். நியூபவர் அறையை (கட்டம் போட்ட கண்ணாடி எண்ணும் அறை) நிரப்பி, செல்கள் அடியில் உட்கார இரண்டு நிமிடம் கொடுத்து, நான்கு மூலைப் பெரிய சதுரங்களிலும் எண்ணுங்கள். கிடைத்த எண்ணை 50ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டரில் உள்ள வெள்ளணுக்கள். 50 எங்கிருந்து வந்தது என்றால், நான்கு சதுரங்களின் கொள்ளளவு 0.4 மைக்ரோலிட்டர், நீர்ப்பு 20, இருபதை 0.4ஆல் வகுத்தால் 50.

அதே மாதிரியை அதே நேரத்தில் வழக்கமான டர்க் திரவத்திலும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் அச்சாக ஒத்துவராது, வரவும் கூடாது. நான்கு சதுரங்களில் 100 செல் எண்ணினால் தற்செயல் ஏற்ற இறக்கமே 80 முதல் 120 வரை போகும். அதாவது 5,000 என்ற எண் 4,000 முதல் 6,000 வரை எங்கும் விழலாம். எனவே ஒரு மாதிரியில் ஒருமுறை எண்ணி முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இருபது மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு அறை. செடித் திரவத்தின் எண் தொடர்ந்து ஒரே பக்கமாகச் சாய்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து குறைந்தால் சில கருக்கள் நிறம் பிடிக்காமல் கண்ணுக்குத் தப்புகின்றன. தொடர்ந்து கூடினால் பெரும்பாலும் செடித் துணுக்குதான் காரணம்.

படி 2: ஸ்மியர்

உறையாமல் தடுக்கும் இடிடிஏ சேர்த்த இரத்தம், எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள். சிறு சொட்டு, 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் ஒரே சீரான இழுப்பு, உடனே காற்றில் உலர்த்தல். பழைய இரத்தத்தில் கருக்கள் தாமாகவே சிதையத் தொடங்கும். அப்புறம் குற்றம் சாயத்திலா இரத்தத்திலா என்று பிரிக்கவே முடியாது.

நன்றாக உலர்ந்ததும் மெத்தனாலில் ஐந்து நிமிடம். லீஷ்மனில் சாயக் கரைசலே நிலைநிறுத்திவிடும் என்பதால் தனியாக இதைச் செய்து பழகாதவர்கள் இந்தப் படியை மறந்துவிடுவார்கள். செடிச் சாறு பெரும்பாலும் தண்ணீர். நிலைநிறுத்தாத ஸ்மியரில் அது பட்டதும் சிவப்பணுக்கள் உடைந்து, ஸ்லைடு முழுக்க ஒரு மங்கல் படலம்தான் மிஞ்சும். மெத்தனால் தண்ணீர் கலக்காததாக இருக்கட்டும். புட்டியைத் திறந்தே வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது சிவப்பணுக்களில் பளபளக்கும் ஓட்டைகள்போல் தெரியும். பல முறை அது சாயத்தின் குறை என்று எழுதிவிடுகிறார்கள்.

படி 3: சப்பங்கிச் சாயம் காய்ச்சுதல்

செதுக்கிய வைரக்கட்டை 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 200 மி.லி. கண்ணாடிக் குடுவையில் இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, வடிகட்டி, 100 மி.லி.க்கு வற்றவிடுங்கள். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கட்டையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து எழுதும் மை ஆகிவிடும். பழங்காலத்தில் மை செய்ததே அப்படித்தான்.

இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் பிரேசிலின். அது இன்னும் சாயம் ஆகவில்லை. வாயகன்ற குடுவையில் ஊற்றி, பஞ்சால் மூடி, வெளிச்சமான இடத்தில் ஒன்று முதல் இரண்டு வாரம் விடுங்கள். காற்றின் ஆக்சிஜன் அதைப் பிரேசிலீன் ஆக்கும், நிறம் ஆழமாகச் சிவக்கும். அவசரமென்றால் 20 மில்லிகிராம் சோடியம் அயோடேட் போதும். அதிகம் போட்டால் ஆக்சிஜனேற்றம் எல்லை தாண்டி, பழுப்பு வண்டலாக அடியில் தங்கும். வேலைக்கு ஆகாது. எனக்குப் பொறுமையான வழியே பிடிக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் சாயம் பிறப்பதைக் கண்ணால் காணலாம்.

பழுத்த சாற்றில் பொட்டாசியம் படிகாரம் 5 கிராமும், சிட்ரிக் அமிலம் 0.1 கிராமும் கரைத்து வடிகட்டுங்கள். இங்கே படிகாரம் செய்யும் வேலையைச் சாயத் தொழிலில் மார்டன்ட் என்பார்கள்; தமிழில் நிறமூன்றி. பிரேசிலீனுக்குத் தனியாகக் கருவின் மேல் ஆசை இல்லை. அலுமினியம் ஒரு கையால் பிரேசிலீனையும் மறு கையால் டிஎன்ஏவின் பாஸ்பேட்டையும் பிடிக்கிறது. அந்தச் சேர்மம் மொத்தத்தில் நேர்மின்சுமை பெற்று அஸூர் செய்த வேலையின் ஒரு பாதியைச் செய்கிறது. சிட்ரிக் அமிலம் சாயம் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டாமல் கட்டுப்படுத்தும்.

மேலே சொன்ன அளவுகள் தொடங்குவதற்கானவை. கட்டைக்குக் கட்டை சாயத்தின் அளவு மாறும் என்பதால், உங்கள் சரியான அளவை அடுத்த படியில் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

படி 4: ஐந்து ஸ்லைடுகள்

ஒரே இரத்தத்தில் ஐந்து ஸ்மியர் போடுங்கள். முதலாவதில் எதுவும் பூச வேண்டாம். இரண்டாவதில் படிகாரக் கரைசல் மட்டும். மூன்றாவதில் படிகாரம் சேர்க்காத சப்பங்கிச் சாறு. நான்காவதில் படிகாரம் சேர்த்த சாயம். ஐந்தாவதில் லீஷ்மன். வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். மூன்றாவதும் நான்காவதும் ஒரேபோல் இருந்தால் நீங்கள் பார்ப்பது புரதத்தின் மேல் படிந்த பொதுக்கறை, கருவின் நிறம் அல்ல. முதலாவதிலேயே சிவப்பணுக்கள் மெல்லிய மஞ்சளாகத் தெரியும். ஹீமோகுளோபினின் அந்தச் சொந்த நிறத்தைச் சாயத்தின் வெற்றி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

அப்புறம் நேரத்தைக் கண்டுபிடிக்க நான்காம் வகையில் நான்கு ஸ்லைடு: 5, 10, 20, 40 நிமிடம். ஒவ்வொன்றையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, பிறகு லேசான காரமுள்ள குழாய் நீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். கருவின் சிவப்பு அழுத்தமாகும். ஹிமடாக்சிலினில் நீலமாக்கும் படி இருக்கிறதே, அதன் இணை இது. பின்னணியும் சிவந்திருந்தால் 0.5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஒரே ஒரு முக்கு முக்கி, உடனே கழுவுங்கள். இரண்டாவது முக்குக்குக் கரு வெளுத்துவிடும்.

சரி, என்ன எதிர்பார்க்கலாம்? வேலை சரியாக நடந்தால் கரு செந்நிறத்தில், ஓரம் தெளிவாக, நியூட்ரோபிலின் மடல்கள் எண்ணும்படி தெரியும். சைட்டோபிளாசம் ஏறக்குறைய நிறமற்று இருக்கும். தட்டணுக்கள் பெரும்பாலும் காணாது.

படி 5: எதிர்நிறம்

எதிர்நிறம் என்பது கருவிலிருந்து மற்றவற்றைப் பிரித்துக் காட்டும் இரண்டாவது நிறம். கரு சிவப்பு என்பதால் சிவப்பணுக்களுக்கு இளஞ்சிவப்புக் கொடுத்தால் இரண்டும் கலந்துவிடும். மஞ்சள் வேண்டும். மஞ்சள்தூள் 1 கிராமை 100 மி.லி. 70 சதவீத எத்தனாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து இரண்டு முறை வடிகட்டுங்கள். உலர்ந்த ஸ்லைடில் ஒரு நிமிடம். கழுவுவதற்கு ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்ட காய்ச்சி வடித்த நீர், குழாய் நீர் அல்ல. குர்குமின் காரத்தில் செம்பழுப்பாகிவிடும். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சப்பங்கி, குழாய் நீர், உலர்த்தல், கடைசியில்தான் மஞ்சள்.

மருதாணியும் உதவும். ஹீமோகுளோபினின் சமமின்நிலை, அதாவது அதன் நேர், எதிர் மின்சுமைகள் சமமாகும் இடம், பிஎச் 7க்கு அருகில். அதற்குக் கீழே போகப் போக அது நேர்மின்சுமை பெறும். அதனால் மருதாணிச் சாற்றை பிஎச் 5 அளவுக்கு அமிலமாக்கிப் பூசினால் நன்றாகப் பிடிக்கும். செம்மஞ்சள் நிறம் வரும். படிகாரத்துக்குப் பதில் இரும்பு உப்பைச் சேர்த்துக் கருவைக் கரும் ஊதா ஆக்கியிருந்தால் இது அழகான ஜோடி. ஆனால் இரும்பு போட்டால் டானின் மை வண்டல் வரும் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்து, உடனே வடிகட்டி, அன்றே பயன்படுத்துங்கள்.

கண்ணை ஏமாற்றுபவை

செயற்கைச் சாயத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிது. செடிச் சாறு வெறும் சாயம் அல்ல. அதில் மாவுமணிகள், படிகங்கள், சர்க்கரை, செல்சுவர்த் துணுக்குகள் எல்லாம் இருக்கின்றன.

மஞ்சள் கிழங்கில் மாவு அதிகம். ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமானால் அது மாவுமணி. பீட்ரூட்டிலும் ரோசெலிலும் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். முனைவாக்கிய ஒளியில் அவை மின்னும். தட்டணுவோ என்று குழம்பினால், தட்டணு மின்னாது. சர்க்கரை உள்ள சாற்றைச் சரியாகக் கழுவாவிட்டால் ஸ்லைடு பிசுபிசுக்கும், தூசி ஒட்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பூஞ்சை. அறை வெப்பத்தில் சில நாள் இருந்த நீர்ச்சாற்றில் ஈஸ்ட் செல்கள் முளைத்துவிடும். அவை சிவப்பணுவின் மேல் உட்கார்ந்தால் இரத்த ஒட்டுண்ணிபோலவே தெரியும். இரண்டு மாணவர்கள் ஒரு மதியம் முழுக்க "ஒட்டுண்ணி" எண்ணியதைப் பார்த்திருக்கிறேன். அதே சாற்றின் ஒரு சொட்டை வெறும் ஸ்லைடில் வைத்ததும் அங்கேயும் அதே உருவங்கள். அன்றிலிருந்து எந்தச் சாறு எடுத்தாலும் முதல் ஸ்லைடு இரத்தமில்லாத ஸ்லைடு.

படி 6: லீஷ்மனோடு ஒப்பிடுதல்

"நன்றாகத் தெரிகிறது" என்பது முடிவல்ல. குறைந்தது இருபது மாதிரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி ஸ்லைடு, ஒரு லீஷ்மன் ஸ்லைடு. நிறத்தைப் பார்த்தே எது எது என்று தெரிந்துவிடும் என்பதால் முழுமையாக மறைக்க முடியாது. ஆனால் எந்த ஸ்லைடு எந்த மாதிரியுடையது என்பதை மறைக்கலாம். எண்களை மாற்றிப் போட்டு, வரிசையைக் குலைத்து, இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் படிக்கட்டும்.

கருவின் ஓரம், மடல்களின் தெளிவு, குரோமாட்டினின் (கருவுக்குள் டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த பொருள்) கட்டமைப்பு, பின்னணி, துணுக்குகள் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தமாக ஒரே மதிப்பெண் போடாதீர்கள். எது பலம், எது பலவீனம் என்பது அதில் மறைந்துவிடும்.

வெள்ளணு வகை எண்ணிக்கையில் முழு ஐந்து வகையையும் முயல வேண்டாம். மடல்கரு உள்ளவை, ஒற்றைக்கரு உள்ளவை என்று இரண்டாகப் பிரித்து 200 செல் எண்ணுங்கள். வெறும் 100 எண்ணினால், உண்மையில் 50 சதவீதம் இருப்பது 40 முதல் 60 வரை எங்கும் வரலாம். அந்த அகலத்துக்குள் எந்த இரண்டு சாயமும் ஒத்துப்போவதுபோலவே தோன்றும்.

எங்கே நிறுத்த வேண்டும்

இயோசினோபில், பேசோபில், நியூட்ரோபில் ஆகியவற்றைத் துகளை வைத்துப் பிரிக்கும் வேலைக்குச் செடிச் சாயம் வராது. மலேரியாவுக்கு ஜீம்சா, பிஎச் 7.2. அங்கே சோதனைகூட வேண்டாம்; தவறவிட்ட ஓர் ஒட்டுண்ணி ஓர் உயிர். ரெட்டிக்குலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களை எண்ண, உயிருள்ள செல்லுக்குள் ஆர்என்ஏவை வலைபோல் திரளச் செய்ய வேண்டும், அதற்கு நியூ மெத்திலீன் நீலம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோயில் முதிராச் செல்களின் குரோமாட்டின், கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ், சைட்டோபிளாசத்தின் நீலம் எல்லாமே ரோமனோவ்ஸ்கி நிறங்களை வைத்து எழுதப்பட்ட இலக்கணம். அதைச் சிவப்பிலும் மஞ்சளிலும் வாசிக்க முடியாது.

சீரான தரமும் ஒரு பிரச்சினைதான். முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயங்கள் வராமல் நின்றபோது கண்ட குழப்பத்தின் தொடர்ச்சியாகவே 1922இல் உயிரியல் சாய ஆணையம் உருவானது. புட்டிக்குப் புட்டி சாயம் ஒரேபோல் இருக்க வேண்டும் என்பதே அதன் வேலை. அதன் அருமை, மழைக்கு முன் பறித்த ரோசெலும் மழைக்குப் பின் பறித்த ரோசெலும் வேறு வேறு நிறம் தருவதைப் பார்க்கும்போது புரியும். செடியை நம்பினால் விளைச்சலையும் நம்ப வேண்டும். 2008இல் ஹிமடாக்சிலினுக்கே உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது.

சேமிப்பும் குறிப்பேடும்

நீர்ச்சாறு குளிர்பெட்டியில் 4 டிகிரியில், பழுப்புநிறப் புட்டியில். ஒரு சிறு தைமால் படிகம் பூஞ்சையைத் தள்ளிப்போடும். படிகாரம் சேர்த்த சப்பங்கிச் சாயத்தை ஒவ்வொரு வாரமும் சோதியுங்கள்: வடிதாளில் ஒரு சொட்டு வைத்துக் குழாய் நீரில் நனைத்தால் செந்நிறமாகப் பரவ வேண்டும். பழுப்பாகப் பரவினால் கொட்டிவிடுங்கள். நிறமேற்றிய ஸ்லைடுகளை அன்றே பார்த்து, அன்றே படமெடுத்துவிடுங்கள். ஆந்தோசயனினும் குர்குமினும் வெளிச்சத்தில் வெளுக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் வேறு ஸ்லைடு பார்ப்பதுபோல் இருக்கும்.

புட்டிச் சீட்டில் செடியின் தாவரவியல் பெயர், எடுத்த பாகம், பறித்த மாதம், உலர்த்திய விதம், எடை, கரைப்பான், பிஎச், படிகாரத்தின் அளவு, வடிகட்டிய தேதி எல்லாம் இருக்கட்டும். ஒருமுறை அருமையாக வந்த ஒரு சாயத்தை அதற்கப்புறம் என்னால் திரும்பச் செய்ய முடியவில்லை. அந்தப் புட்டியில் தேதி மட்டும்தான் எழுதியிருந்தேன்.